நாரும் நலமும்

நாம் உண்ணும் உணவில் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு முதலிய சத்துகள் உள்ளன. இவற்றை உடல் செரித்து ஏற்றுக்கொள்கின்றது. ஆயின், கீரைத் தண்டிலும் தானியத்தின் தவிட்டிலும் பயற்றின் தோலிலும் உள்ள நார்ப்பொருளை நம் செரிமான நீர்களால் கரைக்க இயலாது. உண்டது உடலில் சேராது கழியுமானால் அதனால் பயன் யாது? இவ்வாறு எண்ணியே நெடுங்காலம் பலரும் நாரைச் சக்கையெனத் தள்ளினர். நெல்லையும் கோதுமையையும் வெண்மையாகத் தீட்டி உண்பதே நாகரிகம் எனவும் கருதினர்.

இக்கருத்தை மாற்ற உழைத்தவர்களுள் ஒருவர் டெனிஸ் பர்க்கிட் என்னும் அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர். அவர் உகாண்டா நாட்டில் பல்லாண்டுகள் பணியாற்றினார். மேனாடுகளில் மிகுந்து காணப்படும் குடல் நோய்கள் பல, ஆப்பிரிக்கச் சிற்றூர் மக்களிடம் அரியனவாக இருத்தலைக் கண்டார். அம்மக்களின் நார் மிக்க உணவே அதற்குக் காரணமாகலாம் என்று 1970-களில் எடுத்துரைத்தார். எனினும், செரியாத பொருள் நோயைத் தடுப்பது எங்ஙனம்?

இவ்வினாவிற்குரிய விடை நம் பெருங்குடலில் உள்ளது. அங்கே பல இலட்சம் கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் நமக்கு நன்மை செய்வன மிகப் பல. சிறுகுடலைக் கடந்து வரும் நாரே அவற்றிற்கு உணவு. அவை நாரை நொதிக்கச் செய்து, அசிட்டிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் என்பவற்றை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருளாகும்.

குடலை ஒரு கோட்டையாகக் கருதுவோம். குடற்சுவர் அதன் மதில், அச்சுவரின்மேல் படர்ந்துள்ள வழவழப்பான சளிப்படலம் அகழி, வெள்ளணுக்கள் படைவீரர். உடலைக் காக்கும் அணுக்கள் பல குடலை ஒட்டியும் இருக்கின்றன. பகைவரைத் தாக்குதல் மட்டும் நல்ல படைக்கு அழகன்று. நண்பரைத் தாக்காதிருத்தலும் வேண்டும். வெள்ளணுக்கள் அடக்கமின்றிப் போரிட்டால் குடலே புண்பட்டு அழலும். அவற்றை அடக்கியாளும் ஒருவகை வெள்ளணுக்கள் பெருகுவதற்குப் பியூட்டிரிக் அமிலம் துணைபுரிகின்றது என்பதை, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சுண்டெலிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சிகள் 2013-ஆம் ஆண்டில் காட்டின.

நார் கிடைக்காவிடில் நுண்ணுயிர்கள் என்ன செய்யும்? 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இதனை விளக்கியது. நாரற்ற உணவு பெற்ற சுண்டெலிகளின் குடலில், பசித்த நுண்ணுயிர்கள் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. அகழி தூர்ந்தபின் பகைவர்க்குத் தடை ஏது? நோய்க்கிருமிகள் எளிதில் மதிலை அடைந்தன.

மனிதரிடத்தும் உணவின் விளைவு விரைவில் புலப்படுகின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் இருபதின்மரும், தென்னாப்பிரிக்கச் சிற்றூர் மக்கள் இருபதின்மரும் இரண்டு வாரங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். நார் மிக்க உணவை உண்ட அமெரிக்கரின் குடலில் பியூட்டிரிக் அமிலம் மிகுந்தது, அழற்சி குறைந்தது. மேனாட்டு உணவை உண்ட ஆப்பிரிக்கரிடம் இதற்கு மாறான விளைவு காணப்பட்டது. இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று.

நன்மை தரும் நுண்ணுயிர்களைத் தேர்ந்து வளர்க்கும் உணவுப்பொருள்கள் ‘பிரிபயாட்டிக்’ எனப்படும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின் அத்தகையது. தாய்ப்பாலிலும் குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரை வகைகள் பல உள்ளன. அவை யாருக்காக? குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்காகவே! மகவைக் காக்கும் துணைவர்க்கும் தாய் உணவூட்டுகின்றாள். இயற்கையின் திறம் வியக்கத்தக்கது அன்றோ?

பத்து வயதிற்கு மேற்பட்டோர் நாள்தோறும் 25 கிராம் நாரேனும் உணவின்வழிப் பெறவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. நார் மருந்துக்கோ தடுப்பூசிக்கோ ஈடாகாது. எனினும், அது நாளும் நம்மைக் காக்கும் படைக்குத் துணையாகும். தீட்டாத தானியமும் பயறும் கீரையும் காயும் கனியும் எளியோர்க்கும் கிட்டுவன. மாணவர்களே! தட்டில் ஒதுக்கிவைக்கும் கீரையும் காயும் நம் காவலரின் உணவு என்பதை உணர்ந்து, அவற்றை விரும்பி உண்டு நலம் பெறுவீர்களாக.