பால் காய்ச்சும் முற்றத்தில்

செத்த வீடு என்றால் எமது சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பந்தல் போட ஒருவர், தேநீர் வைக்க ஒருவர், அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டுபோக இன்னொருவர் என்று அயலே கூடிவிடும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும், முன்பின் அறியாதவர்களுக்கு வீடுகளும் பாடசாலைகளும் கோவில்களும் திறந்தன. துயரில் பங்குகொள்வது எமக்குப் பழகிய பாதை. அடுத்தவரின் மகிழ்ச்சியில் பங்குகொள்வதுதான் கடினம்.

காணி விடயத்தில் இதை நன்றாகவே கண்டோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்கள் பல, இருபது வருடங்களுக்கு மேல் நலன்புரி முகாம்களில் இருந்தன. 2015இலும் அதன் பின்னரும் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டன. முட்கம்பி வேலி ஒருவரின் வளவை வெளியே விட்டு, அடுத்தவரின் வளவை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றது. முகாமில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்! "உங்களுக்கென்ன, தப்பிவிட்டீர்கள்" என்ற சொல் அப்போது வாயில் வரத்தான் செய்யும். அதைப் பாவம் என்று பிரசங்கம் வைக்க நாம் விரும்பவில்லை. இழப்பில் சமமாக இருந்தவர்கள் கிடைப்பதில் சமமாக இல்லாதபோது மனம் நோகும்.

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்து மூத்த மகனும் வயலில் இருந்து திரும்பியவன்தான். வீட்டில் ஆடல்பாடல் கேட்டதும் உள்ளே போக மறுக்கிறான். தம்பி பட்டினியோடு படலையில் நின்றிருந்தால் ஒருவேளை இரங்கியிருப்பான். தம்பிக்கு விருந்து வைத்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. தந்தை வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லவேயில்லை. புனித பவுலும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் (12:15) மகிழ்வாரோடு மகிழ்வதையே முதலில் வைக்கிறார். அழுவாரோடு அழுவது அதற்குப் பிறகுதான்.

இதை நம்மவர்களோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 2009க்குப் பின் முசலிக்குத் திரும்பிக் காடு வெட்டியபோது, அதை எமது மகிழ்ச்சியாக எத்தனை பேர் எண்ணினோம்?

விடுபட்ட காணி என்பது உண்மையில் பற்றைக்காடும் தூர்ந்த கிணறும்தான். கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று உறுதியான பின், கத்தியும் மண்வெட்டியும் கொண்டு ஒருநாள் போய் நின்றாலே போதும். வாழ்த்துச் சொல்லத் தேவையில்லை. காணி கிடைத்தவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அயலவர் மனம் நோகும் என்று ஓசைப்படாமல் பால் காய்ச்சிவிட்டுப் போகாதீர்கள். அவரைக் கூப்பிடுங்கள். அவரது காணி விடுபடும்வரை வெங்காயம் நட இரண்டு பரப்பைக் குத்தகை வாங்காமல் கொடுங்கள். அவர் மனுவோடு பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளில், உங்கள் அலுவல் முடிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல், நீங்களும் சைக்கிளை எடுங்கள்.