நில அளவைக் களப்பணி வாகனம்

நில அளவைக் களப்பணி வாகனம் என்பது நில அளவையாளர்களையும் அவர்களுடைய கருவிகளையும் சாலை முடியும் இடத்திற்கு அப்பால் கொண்டு சென்று, பழுதின்றித் திரும்பக் கொண்டுவரும் வாகனம் ஆகும். பேச்சு வழக்கில், எந்த நிறுவனம் தயாரித்ததாக இருந்தாலும், இதை ‘ஜீப்’ என்றே சொல்வர். ஆற்று மணல், கரிசல் மண், மலைப்பாதை ஆகியவற்றில் செல்ல வேண்டியிருப்பதால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வாகனம் பொதுவாக விரும்பப்படுகிறது. வாங்குவோர் பெரும்பாலும் இஞ்சின் ஆற்றலை முதலில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: வாகனம் எவ்வளவு எடை தாங்கும்? கருவி அதில் எந்த இடத்தில் பயணம் செய்யும்? வழியில் குலுங்கிப்போன கருவி தவறாக அளக்கும். அந்தத் தவறு ஒருவருடைய வரப்பை அடுத்தவர் நிலத்துக்குள் நகர்த்திவிடக்கூடும்.

வரலாற்றுப் பின்னணி

கருவியைக் கொண்டு செல்வது அளப்பதைவிடக் கடினமான வேலையாக இருந்த காலம் உண்டு. 1802-ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் பயன்படுத்திய தியோடலைட், ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. அதை ஆட்கள் தோளில் சுமந்தனர். மலைகள் இல்லாத, மரங்கள் பார்வையை மறைக்கும் காவிரிச் சமவெளியில் கோயில்களின் உயரமே அளவை நிலையமாகப் பயன்பட்டது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் படிக்கும் வட்டத் தகடு வளைந்துபோனது. லாம்டன் தாமே பல வாரங்கள் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

இன்றைய டோட்டல் ஸ்டேஷன் கருவி 5 அல்லது 6 கிலோகிராம்தான். தோளில் சுமக்க ஆள் வேண்டியதில்லை, டிக்கியில் போட்டுவிடலாம். அப்படிப் போட்டுவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எடைக் கணக்கு

வாகனக் கையேட்டில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வெறும் வாகனத்தின் எடை. மற்றொன்று ஆட்கள், சுமை எல்லாம் சேர்ந்து அனுமதிக்கப்படும் மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே ஏற்றக்கூடிய சுமை.

எடுத்துக்காட்டாக, மாருதி சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னியை எடுத்துக்கொள்ளலாம். அதன் வெறும் எடை ஏறத்தாழ 1,200 கிலோ; அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. ஆக ஏற்றக்கூடியது 340 கிலோ அளவே. தலைக்கு 70 கிலோ என நான்கு பேர் அமர்ந்தால் 280 கிலோ போய்விடும். மீதி 60 கிலோ. பெட்டியுடன் டோட்டல் ஸ்டேஷன் 10 கிலோ, இரண்டு முக்காலிகள் 13 கிலோ, செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவித் தொகுதி 10 கிலோ, பிரிசம், கம்பம், ஸ்டாஃப் ஆகியவை 7 கிலோ, குடிநீர் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. கடப்பாரை, மண்வெட்டி, இரும்பு முளைகள் இன்னும் ஏறவில்லை. நட வேண்டிய சர்வே கற்களும் உண்டென்றால் இந்த வாகனம் போதாது. இருவர் மட்டும் செல்லும் மலைப்பகுதிப் பணிக்கு இதே வாகனம் மிகப் பொருத்தமானது: எடை குறைவு, அகலம் குறைவு, தரை இடைவெளி 210 மி.மீ.

அப்படியானால் ஒரு டன் ஏற்றும் பிக்கப் வண்டியை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை உண்டு. அத்தகைய வண்டிகளின் பின்புறப் பட்டை வில்கள் முழுச் சுமைக்காக விறைப்பாக அமைக்கப்பட்டவை. கால் பங்கு சுமையோடு கல்பாதையில் போனால் வண்டியின் பின்பகுதி துள்ளும். கருவி அங்கே இருந்தால் அதுவும் சேர்ந்து துள்ளும். நான்கு கதவுகளும் பின் இருக்கையும் உள்ள பிக்கப்பாக இருந்தால் கற்களையும் கடப்பாரையையும் பின்தட்டில் ஏற்றி, கருவியை உள்ளே வைக்கலாம். கற்கள் நட வேண்டிய குழுவுக்கு இதுவே நல்ல ஏற்பாடு.

நீளத்தையும் பார்க்க வேண்டும். ரேஞ்சிங் ராடு 2 மீட்டர் அல்லது 3 மீட்டர் நீளமுடையது. வாங்குவதற்கு முன் ஒரு ராடை எடுத்துச் சென்று உள்ளே வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கருவி அமரும் இடம்

வாகனம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உள்ள பகுதியே மிகக் குறைவாக அசைகிறது. பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கருவிக்குரிய இடம் டிக்கி அல்ல. பின் இருக்கை அல்லது அதன் முன்னுள்ள தரைப்பகுதி. கருவியை அதற்குரிய பெட்டியில் பூட்டி, அடியில் கெட்டியான நுரைமெத்தை இட்டு, பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். முக்காலியில் பொருத்தியபடியே வண்டியில் ஏற்றுவது, அடுத்த நிலையம் அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், கூடாது. கடப்பாரையும் ஜாக்கியும் கருவியோடு ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. திடீரென பிரேக் அடித்தால் அவை கருவியை மட்டுமல்ல, முன்னே இருப்பவரின் தலையையும் தாக்கும்.

குலுங்கலால் என்ன நேர்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மட்டக் கருவியின் பார்வைக்கோடு கிடைமட்டத்திலிருந்து 20 விநாடி மட்டுமே விலகியிருப்பதாகக் கொள்வோம். ஒரு பாகையில் 3,600 விநாடிகள். எனவே இது கண்ணுக்குத் தெரியாத விலகல். ஆனால் 100 மீட்டர் தொலைவில் வைத்த ஸ்டாஃபில் அது ஏறத்தாழ 10 மி.மீ. பிழையாகிறது. முன்பார்வையும் பின்பார்வையும் சம தொலைவில் இருந்தால் இப்பிழை தானே நீங்கிவிடும். ஓடையின் குறுக்கே பார்க்கும்போதோ, சரிவில் ஏறும்போதோ சம தொலைவு கிடைப்பதில்லை. பிழை சேர்ந்துகொண்டே போகும். வாய்க்காலுக்கு நீர் ஓடும் சரிவைக் குறிக்கும் பணியில் இது பெரிய சேதம்.

எனவே கரடுமுரடான பயணத்துக்குப் பின், வேலை தொடங்கும் முன், கருவியைச் சோதிப்பது அவசியம். மட்டக் கருவிக்கு இரு முளைச் சோதனை போதும்: இரண்டு முளைகளின் உயர வேறுபாட்டை நடுவில் நின்று ஒருமுறையும், ஒரு முளைக்கு அருகில் நின்று ஒருமுறையும் அளந்து ஒப்பிட வேண்டும். கால் மணி நேர வேலை.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறக்கிய கருவி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர, ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும் என்பது கைக்கணக்கு. உள்ளே 24, வெளியே 36 என்றால் 24 நிமிடங்கள். மறுபுறம், வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் கருவியையும் லித்தியம் மின்கலங்களையும் விட்டுச் செல்வது அவற்றைப் பாழாக்கும்.

டயரும் இயக்கமும்

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலிலும் ஆற்றுப் படுகைகளிலும் வண்டி புதைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆற்றல் குறைவு அல்ல. பள்ளிப் பாடத்தில் வரும் விதிதான்: ஒரே எடை குறைந்த பரப்பில் அமர்ந்தால் அழுத்தம் கூடும். டயரின் காற்றை 32 பிஎஸ்ஐ அளவிலிருந்து 18 அல்லது 20 வரை இறக்கினால், டயர் தட்டையாகி மணலில் படும் பரப்பு நீளும். வண்டி புதையாமல் மிதந்து செல்லும். அதற்கும் கீழே இறக்கினால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றடிப்பானும் அழுத்தமானியும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல.

கரிசல் மண் வேறு வகை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளில் மழை பெய்ததும் மண் டயரின் பள்ளங்களை நிரப்பி, அதை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். காற்றை இறக்கினாலும் பயன் குறைவு. அகன்ற பள்ளங்கள் உள்ள டயர் ஓரளவு உதவும். ஒரு நாள் காத்திருப்பது அதைவிட உதவும்.

நான்கு சக்கர இயக்கம் என்று மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. அதில் தாழ் கியர் நிலை உண்டா என்று பார்க்க வேண்டும். செங்குத்தான சரிவில் பிரேக்கை நம்பாமல் இஞ்சினின் பிடிப்பிலேயே ஊர்ந்து இறங்க அது உதவுகிறது. கருவிக்கும் அந்த மெதுவான வேகமே நல்லது.

மீட்புப் பொருள்கள்

முழு அளவு ஸ்டெப்னி, ஜாக்கி, அதன் அடியில் வைக்க அகலமான பலகை, மண்வெட்டி, இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். பலகை இல்லையென்றால் மணலில் வண்டி உயராது. ஜாக்கிதான் கீழே போகும். புதைந்த வண்டியை இழுக்கும்போது கயிற்றை வண்டியின் அடிச்சட்டத்தில் உள்ள கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பம்பரிலோ, இழுவை வண்டி இணைக்கும் குமிழிலோ மாட்டினால் அது பிய்த்துக்கொண்டு குண்டுபோலப் பாயும். கயிற்றின் நடுவே ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் நிற்பது வழக்கம்.

வேலையிடத்தில் நிறுத்துதல்

செயற்கைக்கோள் கருவியின் அருகே வண்டியை நிறுத்தினால் சமிக்ஞைகள் அதன் உலோகத் தகட்டில் பட்டுத் தெறித்து, இடம் தவறாகக் காட்டப்படும். காந்தத் திசைகாட்டி பயன்படுத்துவோருக்கு வண்டியின் இரும்பே பகை. ஓடும் இஞ்சின் முக்காலியை அதிரவைக்கும். இம்மூன்றுக்கும் ஒரே தீர்வு, வண்டியைத் தள்ளி நிறுத்துவதுதான்.

சட்டக் கட்டுப்பாடுகள்

இந்தியாவில் வாகனத்தை விருப்பம்போல மாற்றியமைக்க முடியாது. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. முன்புறம் பொருத்தும் இரும்புத் தடுப்புச் சட்டங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அவை பாதசாரிகளைக் கடுமையாகக் காயப்படுத்துவதோடு, காற்றுப்பைகள் உரிய நேரத்தில் விரிவதையும் கெடுக்கக்கூடும். உள்ளே கழற்றி மாட்டக்கூடிய பெட்டிகள், பட்டைகள், மெத்தைகள் ஆகியவற்றைக் கொண்டே வாகனத்தைத் தயார் செய்வது பாதுகாப்பானது. வாடகை வண்டியில் செல்லும் குழுக்களுக்கும் அதுவே வசதி. காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தின் படியை வண்டியிலேயே வைத்திருந்தால் சோதனைச் சாவடியில் அரை நாள் போகாது.