கிரியான் ஆற்றில் ஒரு மாலைப் பயணம்

பினாங்குக்கு வருபவர்கள் கொடிமலை, தண்ணீர்மலைக் கோயில், ஜார்ஜ்டவுன் சுவரோவியங்கள் என்று தீவுக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாநிலத்தின் தென்கோடியில் ஓடும் கிரியான் ஆறு உள்ளூர்க்காரர்கள் பலருக்கே நினைவில் இல்லை. பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் நிபோங் திபாலில் இறங்கிவிடலாம். 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு தீவின் தெற்கிலிருந்து காரில் வருவதும் சுலபம்.

பினாங்கு, கெடா, பேராக் மூன்றும் கூடும் வட்டாரம் இது. நம்மவர்களுக்கும் இந்த ஆற்றுக்கும் உறவு பழையது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் இங்கு கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. டிரான்ஸ்கிரியான் தோட்டத்தின் பெயரிலேயே ஆறு இருக்கிறது: கிரியானுக்கு அப்பால் என்று பொருள். அங்கே தமிழ்ப்பள்ளியும் உண்டு.

பொழுது சாயும் முன்பே படகேறுவது நல்லது. கரையோரம் நீப்பா புதர்கள், கம்பத்து வீடுகள், தூண்டில் போட்டபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். மீன்கொத்தியும் கொக்கும் தாராளம். செம்பருந்து தலைக்கு மேலே வட்டமிடும். குரங்குக் கூட்டம் கிளை தாவும்.

இருட்டிய பிறகுதான் மின்மினிகள். எல்லா மரத்திலும் இவை இருக்கா. பெரெம்பாங் என்ற ஆற்றோர மரத்தில்தான் அதிகம் கூடும். ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி, பெண் பூச்சிகளை அழைக்கின்றன. மரம் முழுக்கச் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைவதைப் பார்த்தால் தீபாவளி விளக்குக்கே வெட்கம் வரும்.

பலரும் அறியாத விஷயம் ஒன்று உண்டு. மின்மினி வாழ்நாள் முழுவதும் மரத்தில் இருப்பதில்லை. கரைக்குப் பின்னால் உள்ள ஈரமண்ணில் முட்டையிடுகிறது. புழு அங்கேயே சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. அதனால் கரையோரம் ஒரு வரிசை மரத்தை மட்டும் விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் சதுப்பை வெட்டிச் செம்பனை நட்டால், மரம் நிற்கும், வெளிச்சம் நிற்காது. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினிகள் குறைந்ததற்குக் கரைக்காடு அழிக்கப்பட்டதும் ஒரு காரணம். கிரியானிலும் அதே கதை நடக்க வேண்டுமா? பயணிகள் வருவதால் படகுக்காரர்களுக்கு வருமானம் கிடைக்கிறது. அந்த வருமானம்தான் இன்றைக்குக் கரையைக் காக்கச் சொல்லும் வலுவான வாதம் என்று எனக்குப் படுகிறது.

போகிறவர்கள் நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். கைப்பேசி விளக்கை மரத்தின்மீது அடிக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் பூச்சிகளின் மின்னல் குழம்பிவிடும். கொசு மருந்தைப் படகில் ஏறிய பிறகு தெளிக்காமல், கரையிலேயே பூசிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை இன்னும் நல்லது.