ஸ்பீக்கர் போச்சா? 1.5 லட்சத்துக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போன மாசம் தூத்துக்குடியில இருந்து என் காலேஜ் நண்பன் போன் பண்ணான். துறைமுகம் பக்கத்துல ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீஸ்ல வேலை. பிடித்தம் போக கைக்கு வர்றது 34,000 ரூபாய்.

"மாப்ள, அப்பாவோட ஸ்பீக்கர் போச்சுடா. புதுசு 1.5 லட்சம் சொல்றாங்க. 24 மாச இஎம்ஐ இருக்காம். போட்டுரவா?"

அவங்க அப்பா கப்பல்ல வேலை பார்த்தவர். 2004-ல சிங்கப்பூர்ல ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையரும், இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கிட்டு வந்தார். ரிட்டையர் ஆன பிறகு சாயங்காலம் பாட்டு கேக்குறதுதான் அவருக்கு எல்லாமே. அதனால "வீண் செலவு"ன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி சில விஷயங்களைப் பார்க்கச் சொன்னேன். உங்க வீட்லயும் இது உதவும்.

முதல்ல, போனது ஸ்பீக்கர்தானா?

ஆம்ப்ளிஃபையரை ஆஃப் பண்ணிட்டு, பின்னாடி இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாத்திச் சொருகுங்க. இப்போ கோளாறு அடுத்த பக்கத்துக்குத் தாவிடுச்சுன்னா ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. பிரச்னை ஆம்ப்ளிஃபையர்ல, இல்லேன்னா அதுக்கு முன்னாடி இருக்குற பிளேயர்லயோ வயர்லயோ. கோளாறு அதே ஸ்பீக்கர்லயே நின்னா, அந்த ஸ்பீக்கரையோ அதுக்குப் போற வயரையோ பார்க்கணும். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

நண்பன் வீட்ல கோளாறு ஸ்பீக்கர்லயேதான் இருந்துச்சு. முன்னாடி இருந்த துணி மூடியைக் கழட்டிப் பார்த்தா, வூஃபரைச் சுத்தி இருக்குற ஃபோம் வளையம் தொட்டாலே மாவா உதிருது. ஃபோம் வளையத்துக்கு ஆயுசே பொதுவா 10-லிருந்து 20 வருஷம்தான். வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம் போயிடும். பின்னாடி வயர் சொருகுற இடமெல்லாம் உப்புக் காத்துல பச்சை பூத்துக் கிடந்துச்சு.

இது ரெண்டுமே சரிபண்ணக்கூடியதுதான். அதே அளவு வளையம் வாங்கி ஒட்டலாம், வயர் முனைகளைச் சுத்தம் பண்ணலாம். ஆனா வூஃபருக்குள்ள இருக்குற காயில் கருகியிருந்தாலோ, அந்த மாடலுக்கு ட்வீட்டரே கிடைக்கலைன்னாலோ புதுசு பத்தி யோசிக்கலாம்.

புதுசுதான்னா, எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

தூத்துக்குடிக்காரங்களுக்கு முத்துக்குளிப்பு தெரியும். கடைசியா அங்க பெரிய அளவுல நடந்தது 1961-ல. அந்தக் காலத்துல சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்குல ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு ஏலம் எடுத்தவருக்குத் திறந்து பார்த்தாதான் தெரியும். பெட்டி மேல போட்டிருக்குற வாட்ஸை மட்டும் பார்த்து ஸ்பீக்கர் வாங்குறதும் அதே மாதிரிதான். நமக்குத்தான் திறந்து பார்க்க வழி இருக்கே!

சென்சிட்டிவிட்டி பாருங்க. 1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தூரத்துல எவ்வளவு சத்தம் வருதுன்னு டெசிபல்ல போட்டிருப்பாங்க. 3 டெசிபல் கூடுதல் சத்தம் வேணும்னா ஆம்ப்ளிஃபையர் 2 மடங்கு பவர் கொடுக்கணும். அதாவது 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ல தர்ற சத்தத்துக்கு, 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் வேணும். இதைப் பார்க்காம வாங்கினா அடுத்து புது ஆம்ப்ளிஃபையர் செலவும் வந்து நிக்கும்.

ஓம் பாருங்க. உங்க ஆம்ப்ளிஃபையர் பின்னாடி 8 ஓம்ல இருந்துன்னு போட்டிருந்தா, 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டாதீங்க. சத்தம் கூட்டும்போது சூடாகி அணைஞ்சுடும், சில சமயம் புகைஞ்சும் போயிடும்.

ரூம் அளவு பாருங்க. 10-க்கு 12 அடி ரூம்ல, மொசைக் தரையில, பெரிய ஸ்பீக்கரைச் சுவர் ஓரமா வெச்சா பேஸ் குமுறும். சின்ன ஸ்பீக்கர், ஒரு ஸ்டாண்டு, தரையில ஒரு கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை. பாதி ரூம்களுக்கு இதுவே போதும்.

கடலோரமா இருந்தா ஃபோமுக்குப் பதிலா ரப்பர் வளையம் இருக்குற மாடலைக் கேளுங்க. ஒண்ணு போனாலும் ஜோடியாவே மாத்துங்க. ரெண்டும் ஒரே குரல்ல பேசணும்.

கேட்டுப் பார்க்கும்போது உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டை எடுத்துட்டுப் போங்க. ரெண்டு மாடலையும் ஒரே சத்தத்துல ஓட்டச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா இருக்குறதுதான் நல்லதுன்னு நம்ம காது நம்பிடும்.

இப்போ காசுக் கணக்கு

1.5 லட்சம், வருஷத்துக்கு 15% வட்டி, 24 மாசம். மாசத் தவணை சுமார் 7,270. மொத்த வட்டி கிட்டத்தட்ட 24,500. கிரெடிட் கார்டு இஎம்ஐ-னா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி வேற. ஆக சுமார் 29,000 ரூபாய் கூடுதல். நண்பன் சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல 2 வருஷம் போயிடும். அவன்கிட்ட அவசர நிதின்னு இருந்ததே ஒரு மாசச் சம்பளம்தான்!

"வட்டியில்லா இஎம்ஐ"ன்னா? அப்படி ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி எங்கேயோ ஒளிஞ்சிருக்கும்: கிடைக்காமப் போன தள்ளுபடியா, பிராசசிங் கட்டணமா. "மொத்தமா காசு கொடுத்தா என்ன விலை?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, வெளிய வந்துடும்.

அதே 7,270-ஐ 6.5% வட்டியில ஆர்.டி. போட்டா 20 மாசத்துல 1.5 லட்சம் சேர்ந்துடும். கடன் முடியுறதுக்கு 4 மாசம் முன்னாடியே கையில முழுக் காசு!

நண்பன் என்ன பண்ணான்?

பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட ரெண்டு வூஃபரையும் கொண்டு போனான். வளையம் மாத்தி, முனைகளைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். மொத்தம் 4,800 ரூபாய். மாசம் 4,000-க்கு ஒரு ஆர்.டி.யும் ஆரம்பிச்சுட்டான். முதல்ல அவசர நிதி, அதுக்கப்புறம்தான் புது ஸ்பீக்கர்.

"அப்பா என்னடா சொன்னார்?"னு கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலடா. ராத்திரி 11 மணி வரைக்கும் ஆஃப் பண்ணவே இல்ல."