பானையில் கேட்ட ‘பேஸ்’ பிளைவுட் பெட்டியில் ஏன் கேட்கவில்லை?

பழனியை அடுத்த தொப்பம்பட்டியாகட்டும், ஒட்டன்சத்திரமாகட்டும், மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுப் போட்ட டீக்கடைகளைப் பார்த்தவர்கள் இன்றும் இருப்பார்கள். ‘அடி’ நல்லா விழும். இப்போது அதைவிட விலை கூடிய ஸ்பீக்கரை மெல்லிய பிளைவுட் பெட்டியில் மாட்டிவிட்டு, “சவுண்டு வருது, பேஸ் வரலையே” என்று ஆம்ப்ளிஃபயரை மாற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் பெட்டியில்தான்.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அது ஸ்பீக்கரைச் சுலபமாகச் சுற்றி வந்துவிடும் என்பதால், முதலில் தொலைவது பேஸ்தான். பின்பக்க அலையைச் சிறைவைப்பதே பெட்டியின் வேலை.

பானை அதைச் செய்தது. அதன் வளைந்த சுவரும் லேசில் அதிராது. 1951-ல் ஹாரி ஓல்சன் பல வடிவப் பெட்டிகளை ஒப்பிட்டபோது, ஏற்ற இறக்கம் குறைவாக ஒலித்தது கோளம்தான்! ஆனால், பானையின் கொள்ளளவு குயவர் தந்ததுதான். ஸ்பீக்கருக்கு ஏற்ப மாற்ற முடியாது.

எந்தப் பலகை?

18 மி.மீ. கனம் வேண்டும். 12 மி.மீ. பலகையைவிட அதன் விறைப்பு மூன்று மடங்குக்கும் அதிகம். எம்டிஎஃப் சீராக இருக்கும், வெட்டுவது எளிது, அதிர்வையும் ஓரளவு விழுங்கும். ஆனால் ஈரம் பட்டால் ஊதிவிடும். வெட்டும்போது மாஸ்க் கட்டாயம். மழைச்சாரல் படும் திண்ணை என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைதான் சரி. மலிவு பிளைவுட்டின் உள்ளடுக்கில் இடைவெளி இருந்தால் அது தனியாக ‘ஜிர்ர்’ என்று பாடும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே குறுக்குச் சட்டம் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள், ஆசாரி “எதுக்கு சார்?” என்பார், விடாதீர்கள்.

மூடிய பெட்டியா, குழாய் வைத்ததா?

இதற்கு விடை ஸ்பீக்கரின் விவரத்தாளில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் வகுத்த அளவுகள் அவை. க்யூ.டி.எஸ். என்ற எண் 0.4-க்குக் கீழே இருந்தால் குழாய்ப் பெட்டி, 0.5-க்கு மேலே என்றால் மூடிய பெட்டி என்பது கைக்கணக்கு. இந்தத் தாளே இல்லாத ஸ்பீக்கர் என்றால் மூடிய பெட்டியே பாதுகாப்பு.

குழாயின் நீளத்தைக் கண்மதிப்பில் வெட்டுவதுதான் பெரிய தப்பு. உள்ளளவு 25×40×20 செ.மீ. என்றால் 20 லிட்டர். 7 செ.மீ. உள்விட்டமும் 15 செ.மீ. நீளமும் உள்ள பிவிசி குழாய் வைத்தால் பெட்டி சுமார் 54 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதையே 8 செ.மீ.யாக வெட்டினால் 66-க்கு ஏறிவிடும். முதலில் நீளமாக வைத்து, கேட்டுக் கேட்டு வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

மூட்டுகளில் மரப்பசையோடு ஸ்க்ரூவும் போட்டு, உள்மூலைகளில் சிலிக்கான் தடவி, ஒருநாள் காயவிட்ட பிறகே ஸ்பீக்கரை மாட்ட வேண்டும். மூடிய பெட்டிக்குள் தலையணைப் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பலாம்.

கடைசியாக, பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, ஓர் ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாக நகர்த்துங்கள். புகை எங்கே துள்ளுகிறதோ அங்கே காற்று கசிகிறது.