தண்ணீரில் ஒரு குடித்தனம்

ஆதம்பாக்கம் ஏரியைத் தினம் பார்த்தும் படகில் கால் வைத்தறியாத பாட்டியம்மாள், காஷ்மீரத்துத் தால் ஏரியில், படகு வீட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டார்! தேவதாரு மரச் சுவர், ரத்தினக் கம்பளம், கட்டில், மெத்தை... ராஜபோகந்தான்.

“நீங்கள் எங்கே படுப்பீர்கள்?” என்று பேரன் மூலம் சொந்தக்காரரைக் கேட்டார். அவர் பின்னால் கட்டியிருந்த சிறு படகைக் காட்டினார். மனைவி மக்கள், அடுப்பு எல்லாம் அதில்தான்.

இவர்கள் ஹாஞ்சிகள், பரம்பரைப் படகோட்டிகள். மகாராஜா ஆட்சியில் வெளியார் நிலம் வாங்க முடியாது. ஆகவே 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துரைமார்கள் தண்ணீரிலேயே குடியேறினார்கள். அன்று பிறந்தது இந்தத் தொழில். விருந்தாளி வந்தால்தான் அடுப்பெரியும். 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அறைகள் காலியாயின.

விடைபெறும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “ஊரில் நாலு பேரிடம் சொல்வீர்களா, மாஜி?”