மலையில் மாடு கட்டினால்…

கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் திரிங்காப்பைத் தாண்டியதும் வண்டியின் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். கோலா தெர்லாவில் அவர்கள் கண்ணில் படுவதெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள்தாம். நான் போனது ஐந்து மாடுகள் கட்டியிருந்த ஒரு கொட்டகையைப் பார்க்க.

தோட்டப்புறத்தில் மாடு நமக்குப் புதிதல்ல. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழிவந்த ஓர் இனம் இந்நாட்டில் ‘உள்நாட்டு இந்தியக் கறவை மாடு’ என்றே அழைக்கப்படுகிறது. பால் குறைவு, ஆனால் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். ஃபிரீசியன் கலப்பு நிறையக் கறக்கும், வெப்பம்தான் அதற்கு ஆகாது. மலைக்குளிர் அதற்குப் பிறந்த ஊர் மாதிரி. அப்படியென்றால் இங்கே ஏன் பால் பெருகவில்லை?

பதில் புல்லில் இருக்கிறது. கறவை மாடு ஒன்று நாளுக்குத் தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பசும்புல் தின்னும். நானூறு கிலோ மாட்டுக்கு நாற்பது கிலோ! சரிவான நிலத்தில் ஒவ்வொரு காணியும் காய்கறிக்குப் போன பிறகு நேப்பியர் புல்லுக்கு ஏது இடம்? சாலையோரம் அறுத்துக் கட்டுக் கட்டாக மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிறார் கொட்டகைக்கார அண்ணன்.

“கோபிஸ் இலை சும்மாதானே கிடக்கு, அதைப் போடலாமே அண்ணே” என்றேன். சிரித்தார். “மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு இலை சொல்லுமா தம்பி?” மருந்து ஒருபுறம் இருக்கட்டும், முட்டைக்கோஸ் இலையையே வயிறு நிறையத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பும். நாள்கணக்கில் தொடர்ந்தால் இரத்தச்சோகை வரும். கொஞ்சமாக, புல்லோடு கலந்துதான் போட வேண்டும்.

மிச்சப் பசிக்குச் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு. நம் நாட்டுச் சரக்கு, மாட்டுக்கு நல்ல புரதம். ஆனால் அதில் தாமிரம் உண்டு. செம்மறியாட்டுக்கு அதிகம் வைத்தால் நஞ்சாகிவிடும். ஒரே கொட்டகையில் இரண்டையும் கட்டுகிறவர்கள் தொட்டியைப் பிரித்து வைப்பது நல்லது. கலப்புத் தீவனத்துக்கு வேண்டிய மக்காச்சோளமோ கப்பலில் வருகிறது. எங்கோ போர் மூண்டால் இங்கே மூட்டை விலை ஏறுகிறது.

தீனிக்கு எப்படியாவது வழி பண்ணலாம். நோய் வந்தால்? தோல் கழலை நோய் 2019-இல் ஒடிசாவில் தலைகாட்டியது. 2021-இல் முதன்முறையாக மலேசியாவுக்குள் நுழைந்தது. மறு ஆண்டு ராஜஸ்தானையும் குஜராத்தையும் உலுக்கியது. உடம்பெல்லாம் கட்டிகள், காய்ச்சல், பால் சட்டென்று வற்றிவிடும். மனிதருக்குத் தொற்றாது. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவைதாம் இதைப் பரப்புகின்றன. பதப்படுத்தாத கோழி எருவால் கேமரன் மலையில் எழுந்த ஈத்தொல்லை ஊரறிந்தது. வீட்டு ஈ கடிப்பதில்லை, கடிக்கும் ஈ வேறு இனம். ஆனாலும் அழுகும் எருவும் ஈரக் குப்பையும் இரண்டுக்குமே தொட்டில். அண்ணன் தினமும் சாணத்தை வாரிக் கொட்டகையைக் கழுவிவிடுவதை வெறும் சுத்தக்காரர் வேலையென்று நினைத்துவிடக் கூடாது.

இதற்குத் தடுப்பூசி உண்டு. போட்டதும் காப்பாற்றாது, எதிர்ப்புச் சக்தி உண்டாக மூன்று வாரம்வரை ஆகலாம். பக்கத்து ஊரில் நோய் வந்த பிறகு ஓடுவது அதனால்தான் பயன்படுவதில்லை. புதிதாக வாங்கிய மாட்டை 28 நாள் தனியே கட்ட வேண்டும். இடம் இல்லாத ஏழைக் கொட்டகைக்கு இது எளிதல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். கோமாரிக்கான ஊசியோ ஒருமுறை போட்டு மறந்துவிடக்கூடியதல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது வழக்கம்.

எனக்குக் கவலை தந்தது வேறொன்று. மாடு நோய்ப்பட்டால் 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தால் மாட்டை நகர்த்தத் தடை வரலாம், பால் விற்பனை நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அதனால் சிலர் வாயைத் திறப்பதில்லை. ஐந்து மாட்டில் ஒன்று போனாலே குடும்பத்தின் மாத வரவில் பெரிய ஓட்டை. நட்டஈடு உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் முதல் கட்டியைப் பார்த்த அன்றே கால்நடைச் சேவைத் துறைக்குத் தொலைபேசி போகும் என்கிறார் அண்ணன். அவருடைய கன்றுக்கு இப்போது ஐந்து மாதம். அடுத்த மாதம் முதல் ஊசி.